ஆறாவது ஆள்: அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு பழைய கணக்கு

2008 பிப்ரவரி 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அப்போது நியூ ஜெர்சியில் ஆன்சைட்டில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு மதுரைக்காரர், அங்கேயே பல வருஷமாக செட்டிலானவர், சூப்பர் பௌல் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்கு அந்த ஆட்டம் சுத்தமாகப் புரியாது. ஹெல்மெட் போட்ட இருபத்திரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள், விசில் அடிக்கிறார்கள், விளம்பரம் வருகிறது, மறுபடி முட்டிக்கொள்கிறார்கள். நான் போனது சாப்பாட்டுக்காக என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்று ஆடியது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் நியூ யார்க் ஜயன்ட்ஸும். பேட்ரியட்ஸ் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 18-க்கு 18. ரெகுலர் சீசனில் 589 பாயின்ட், அதுவரை யாரும் எடுக்காதது. டாம் பிரேடி 50 டச்டவுன் பாஸ் வீசியிருந்தார். அதில் 23-ஐ ராண்டி மாஸ் ஒருவரே பிடித்திருந்தார். அப்படிப்பட்ட அணி அன்றைக்கு 14 பாயின்ட் எடுத்து 17-14 என்று தோற்றது. பிரேடியை ஐந்து முறை பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்த்தார்கள்.

"இவ்ளோ நல்ல ஆளுங்க இருந்தும் எப்படிண்ணே?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "தம்பி, பந்தைப் பார்க்காதீங்க. எறியறவன் முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க, எத்தனை பேர் ஓடுறாங்கன்னு எண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். கடந்த இரண்டு வருஷமாக அந்த எண்ணிக்கையின் வரலாற்றை நோண்டிக்கொண்டும் இருக்கிறேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது.

முதலில் கணக்கு. ஆட்டம் தெரியாதவர்களுக்கும் இது ஒன்று புரிந்தால் போதும், மிச்சத்தைப் படித்துவிடலாம். பந்து வைத்திருக்கும் அணியில் 11 பேர். அதில் ஒருவர் குவாட்டர்பேக், பந்தை எறிபவர். ஐந்து பேர் லைன்மேன்கள். மலை மாதிரி இருப்பார்கள், முன்னால் சுவராக நிற்பது அவர்கள் வேலை. அவர்கள் பாஸைப் பிடிக்க விதி அனுமதிக்காது. மிச்சம் ஐந்து பேர். இந்த ஐந்து பேர்தான் விஷயமே. ஒவ்வொருவரும் முன்னால் ஓடிப் பந்தைப் பிடிக்கலாம், அல்லது பின்னால் நின்று எறிபவரைக் காப்பாற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

ஆக, காப்பவர்களும் ஓடுபவர்களும் சேர்ந்து எப்போதும் பத்து பேர். ஐந்து பேர் காத்தால் ஐந்து பேர் ஓடலாம். ஏழு பேர் காத்தால் மூன்று பேர்தான் ஓட முடியும். எதிரணியிலும் இதே கணக்குதான், ஆனால் அவர்களுக்கு 11. நான்கு பேர் பாய்ந்து வந்தால் ஏழு பேர் பின்னால் நின்று ஓடுபவர்களைக் கவனிப்பார்கள். ஆறு பேர் பாய்ந்தால் ஐந்து பேர்தான் மிச்சம். அப்படி ஆறு பேர் வரும்போது நீங்கள் ஐந்து பேரை மட்டும் காவலுக்கு வைத்திருந்தால், ஒருத்தன் தடையே இல்லாமல் வந்து உங்கள் குவாட்டர்பேக் மேல் விழுவான். அதற்கு பயந்து எட்டு பேரைக் காவலுக்கு வைத்தால், ஓடுகிற இரண்டு பேரை மூன்று மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள். சுவர் பிரமாதமாக இருக்கும், எறிய ஆள் இருக்காது.

சர்வர் கெபாசிட்டி பிளான் செய்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். மொத்த ரிசோர்ஸ் பத்து. லோடு எவ்வளவு வரும் என்பதை எதிராளி முடிவு செய்கிறான், அதுவும் நீங்கள் டெப்ளாய் செய்த பிறகு.

லைன்மேன்கள் ஐந்து பேர் எப்போதும் நிற்பார்கள். அதனால் கேள்வி எல்லாம் ஆறாவது ஆளைப் பற்றியதுதான். வழக்கமாக அவர் குவாட்டர்பேக்குக்குப் பக்கத்திலோ பின்னாலோ நிற்கும் ரன்னிங் பேக். நிற்பதா, போவதா?

இந்தக் கேள்வியே ஒரு காலத்தில் கிடையாது, ஏனென்றால் பந்தை முன்னால் எறிவதே விதிப்படி தப்பு. 1905 சீசனில் குறைந்தது 18 பேர் ஆட்டத்தில் செத்தார்கள். எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே இடத்தில் மோதுகிற ஆட்டமாக இருந்தது அது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச, 1906-இல் முன்பாஸ் சட்டபூர்வமானது. கூட்டத்தைக் கலைக்கத்தான் பாஸ் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி விஸ்கான்சினில் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்ததுதான் முதல் சட்டபூர்வமான பாஸ். யாரும் பிடிக்கவில்லை. அப்போதைய விதிப்படி, யார் கையும் படாமல் விழுந்த பாஸுக்குத் தண்டனையாகப் பந்து எதிரணிக்குப் போய்விடும். அன்றே பிறகு எறிந்த இன்னொன்று டச்டவுன் ஆனது. 1912-இல் விதிகளைத் தளர்த்தினார்கள். 1913-இல் நோட்டர் டேம், ஆர்மி அணியை அதன் சொந்த மைதானத்தில் பாஸ் எறிந்தே 35-13 என்று அடித்தது. 1933 வரை புரொஃபஷனல் லீகான என்எஃப்எல்லில் எறிபவர் கோட்டுக்கு ஐந்து யார்டு பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். இதையெல்லாம் வேகமாகக் கடந்துபோகிறேன். அந்தக் காலத்து பாஸ் பெரும்பாலும் ஓடுவது போல நடித்துவிட்டு திடீரென்று எறிவது. எறிபவனைக் காப்பது என்பது தனியான ஒரு வேலையாக இன்னும் உருவாகவில்லை.

அதை வேலையாக மாற்றியவர் பால் பிரவுன். 1946-இல் கிளீவ்லாந்தில் புதிதாகத் தொடங்கிய அணிக்குப் பயிற்சியாளர். அணிக்கே அவர் பெயர்தான், பிரவுன்ஸ். ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்த மனுஷன். ஆட்டக்காரர்கள் கையில் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வகுப்பறையில் உட்கார வைத்து எழுத வைத்தவர். அவர் கண்டுபிடித்த விஷயம் கேட்டால் ரொம்ப சாதாரணமாகத் தெரியும். அதுவரை லைன்மேன்களுக்குத் தெரிந்த ஒரே வேலை முன்னால் பாய்ந்து இடிப்பது. பாஸ் என்றால் இடிக்காதே, பின்னால் வா என்றார் பிரவுன். அடி அடியாகப் பின்வாங்கி, இடத்தை விட்டுக்கொடுத்து, எறிபவனைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி வளைந்து நில்லுங்கள். வருகிறவனை நிறுத்தத் தேவையில்லை, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போக வைத்தால் போதும். இதற்குத்தான் பின்னால் பாக்கெட் என்று பெயர் வந்தது. குவாட்டர்பேக் ஆட்டோ கிரகாம் அந்தப் பாக்கெட்டுக்குள் நின்று நிதானமாகத் தேடுவார்.

கிண்ணத்துக்கு ஒரு ஓட்டை உண்டு. ஐந்து பேர் வளைந்து நின்றால் இடையிடையே சந்து விழும். அந்தச் சந்து வழியாக வருபவனை, ஓரத்தில் சுற்றி வருபவனை யார் பார்ப்பது? இங்கேதான் நான் இந்தக் குறிப்பு எழுதியதற்கே காரணமான ஆள் வருகிறார்.

மேரியன் மோட்லி. 1920-இல் ஜார்ஜியாவில் பிறந்து, ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் வளர்ந்தவர். ஹைஸ்கூலில் பிரவுனின் பள்ளிக்கு எதிராக ஆடியவர். போர்க்காலத்தில் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளத்தில் பிரவுனிடமே ஆடினார். கிட்டத்தட்ட 108 கிலோ. அன்றைய லைன்மேன்களில் பலர் அவ்வளவு கனம் கிடையாது. 1946-இல் பிரவுன் அவரையும் பில் வில்லிஸையும் அணியில் சேர்த்தார். இருவரும் கறுப்பர்கள். 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அதே 1946-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் வந்தார்கள். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது அடுத்த வருஷம் ஏப்ரலில். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ராபின்சன். இந்த நாலு பேரும் அவருக்கு முந்தின வருஷத்து ஆட்கள்.

மோட்லி ஃபுல்பேக். பந்தை வாங்கி நடுவில் முட்டிக்கொண்டு ஓடுவது அவரது அதிகாரபூர்வமான வேலை. அதில் அவர் பெரிய ஆள்தான். 1950-இல் பிரவுன்ஸ் என்எஃப்எல்லுக்கு வந்ததும் அந்த சீசனில் லீகிலேயே அதிக ஓட்டம், 810 யார்டு. அக்டோபரில் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 11 தடவை மட்டும் ஓடி 188 யார்டு எடுத்தார். ஆனால் கிரகாம் எறியப் பின்வாங்கும்போது மோட்லியின் வேலை வேறு. கிரகாமுக்கு முன்னால் நின்று, கிண்ணத்தின் சந்தில் எவன் நுழைகிறானோ அவனை எதிர்கொள்வது. 108 கிலோ ஆள் அங்கே காத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தால் சந்தில் நுழைபவனுக்கே யோசனை வரும்.

இதற்கு ஒரு உபவிளைவும் உண்டு. ஒரு தடவை கிண்ணம் உடைந்து கிரகாம் மாட்டிக்கொண்டபோது, பக்கத்தில் நின்ற மோட்லி கையில் பந்தைத் திணித்துவிட்டார். பாய்ந்து வந்தவர்கள் எல்லாம் மோட்லியைத் தாண்டிப் பின்னால் போய்விட்டிருந்தார்கள். முன்னால் வெட்டவெளி. ஃபிலிமில் இதைப் பார்த்த பிரவுன் அதையே ஒரு திட்டமாக்கிவிட்டார். இன்று எல்லா அணியும் வைத்திருக்கும் டிரா பிளே அங்கே பிறந்ததாகத்தான் சொல்வார்கள். புரொடக்‌ஷனில் நடந்த பக் ஃபீச்சராகிவிட்ட கதை.

இந்தக் காவல் வேலைக்கு அவர் கொடுத்த விலை ஸ்கோர் கார்டில் கிடையாது. கீழே விழுந்தால் எதிரணியினர் ஆணி வைத்த ஷூவால் கையை மிதிப்பார்கள். நடுவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். 1946 டிசம்பரில் மயாமியில் ஆட்டம். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடத் தடை, மிரட்டல் கடிதம் வேறு. மோட்லியும் வில்லிஸும் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை. திரும்பி வந்து அடுத்த ஆட்டத்தில் மறுபடி கிரகாமுக்கு முன்னால் நின்றார் மோட்லி.

பிரவுன்ஸ் 1946 முதல் 1949 வரை தங்கள் லீகில் நான்கு வருஷமும் சாம்பியன். அந்த லீக் கலைந்ததும் என்எஃப்எல்லில் சேர்ந்தார்கள். 1950 செப்டம்பர் 16, முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன். சின்ன லீகிலிருந்து வந்தவர்கள் அடிவாங்கப் போகிறார்கள் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரவுன்ஸ் 35-10 என்று ஜெயித்தது. கிரகாம் 346 யார்டு எறிந்தார். அன்று பிரவுன் செய்த காரியம் நம் கணக்கிலிருந்தே வருகிறது. ஈகிள்ஸ் முன்னால் ஐந்து பேர், அடுத்து இரண்டு லைன்பேக்கர், பின்னால் நாலு பேர் என்று நிற்பார்கள். பிரவுன் டப் ஜோன்ஸ் என்ற ஹாஃப்பேக்கை ஓரமாக நகர்த்தி மூன்றாவது ரிசீவர் ஆக்கினார். அவரைக் கவனிக்க நடுவிலிருந்து ஒருவர் விலகியே ஆக வேண்டும். காவலுக்கு மோட்லி ஒருவர் போதும் என்ற தைரியம் இருந்ததால்தான் அந்த இன்னொரு பேக்கை ஓட விட முடிந்தது என்பது என் கணிப்பு.

அதே காலத்தில் மேற்குக் கரையில் ராம்ஸ் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்ராய் ஹிர்ஷ் என்ற ஹாஃப்பேக்கை நிரந்தரமாகவே ஓரத்தில் நிறுத்தி ரிசீவர் ஆக்கிவிட்டார்கள். 1951 செப்டம்பர் 28-இல் நார்ம் வான் பிராக்லின் ஒரே ஆட்டத்தில் 554 யார்டு எறிந்தார். எழுபது வருஷம் தாண்டியும் அதை யாரும் தாண்டவில்லை. அந்த சீசனில் ஹிர்ஷ் பிடித்தது 1,495 யார்டு, 17 டச்டவுன். ஆட்களை ஓட விட்டால் என்ன கிடைக்கும் என்பதை இந்த நம்பர்கள் காட்டின. லீகே அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது.

எதிரணிகள் சும்மா இருக்குமா? 1960-களின் தொடக்கத்தில் செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியின் சக் ட்ரூலிஸ் ஒரு வேலை செய்தார். கடைசியில், ரொம்பத் தள்ளி நிற்கும் சேஃப்டியான லேரி வில்சனைத் திடீரென்று குவாட்டர்பேக் மேல் பாய விட்டார். காவல் கணக்கில் சேஃப்டியை யாருமே எண்ணுவதில்லை. கோல்கீப்பர் திடீரென்று ஸ்ட்ரைக்கர் ஆவது மாதிரி. அதன் பிறகு, யார் வருவார்கள் என்று பந்து நகரும்வரை சொல்ல முடியாது என்ற நிலை வந்தது. ஆறாவது ஆளின் வேலையும் மாறியது. "உனக்கான ஆள் அந்த லைன்பேக்கர். அவன் வந்தால் தடு. வரவில்லை என்றால் நீ ஓடு." நம்ம பாஷையில் ஒரு இஃப் ஸ்டேட்மெண்ட். ஆனால் ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும், தப்பாக எடுத்தால் இன்னொரு மனிதனின் முழங்கால் போகும்.

இங்கே பில் வால்ஷைச் சொல்லாமல் நகர முடியாது. 1968 முதல் 1975 வரை சின்சினாட்டி பெங்கால்ஸில் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே பால் பிரவுன். 1969-இல் அவர்களுக்கு கிரெக் குக் என்று பீரங்கிக் கையோடு ஒரு இளைஞர் கிடைத்தார். முதல் சீசனிலேயே தோள்பட்டை போய்விட்டது. பதிலுக்கு வந்த வர்ஜில் கார்ட்டருக்கு தூரம் எறியும் கை இல்லை. மூளை இருந்தது, குறி இருந்தது. வால்ஷ் யோசித்தார். காவலையும் ஓட்டத்தையும் கூட்டினால் பத்து. அதை மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சமன்பாட்டில் யாரும் எழுதாத மூன்றாவது மாறி ஒன்று இருக்கிறது, நேரம். குவாட்டர்பேக் மூன்று அடி பின்வாங்கி உடனே எறிந்துவிட்டால், தடையில்லாமல் வருபவன்கூட வந்து சேர நேரமிருக்காது. அப்போது ஐந்து பேர் காவல் போதும், மிச்ச ஐந்து பேரும் ஓடலாம். ரன்னிங் பேக் காவலனாக இருப்பதைவிட, ஐந்து யார்டு தள்ளி நின்று பந்து வாங்குவது மேல். 1971-இல் கார்ட்டர்தான் லீகிலேயே அதிக சதவீத பாஸ்களை முடித்தவர்.

பின்னால் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோ போய் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1985-இல் அவருடைய ரன்னிங் பேக் ரோஜர் கிரெய்க் 1,050 யார்டு ஓடி, 1,016 யார்டு பாஸ் பிடித்தார். ஒரே சீசனில் இரண்டிலும் ஆயிரம் தாண்டிய முதல் ஆள். அந்த ஒரு சீசனில் அவர் பிடித்த கேட்ச் 92. மோட்லி தன் வாழ்நாள் முழுக்க, ஒன்பது சீசனில் பிடித்தது 85. இந்த இரண்டு நம்பரையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் நின்ற இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் வால்ஷ் முட்டாள்தனமாக எல்லோரையும் ஓடவிட்டவர் இல்லை. 1982 ஜனவரி 3, பிளேஆஃப் ஆட்டம், எதிரில் ஜயன்ட்ஸ். அவர்களிடம் லாரன்ஸ் டெய்லர் என்று முதல் சீசன் ஆடும் லைன்பேக்கர், 107 கிலோ, ரன்னிங் பேக் மாதிரி ஓடுவார். ஓரத்திலிருந்து வரும் லைன்பேக்கரை ரன்னிங் பேக் பார்த்துக்கொள்வது அன்றைய வழக்கம். டெய்லர் அந்த ரன்னிங் பேக்குகளைத் துணி மாதிரி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார். வால்ஷ் ஜான் அயர்ஸ் என்ற கார்டை, அதாவது லைனின் உள்பக்கத்து ஆளை, பின்வாங்கி ஓரத்துக்கு வந்து டெய்லரைச் சந்திக்கச் சொன்னார். 38-24 என்று ஜெயித்தார்கள். ஆறாவது ஆளின் வேலையை ஐந்தாமவர்களில் ஒருவருக்குக் கொடுத்த நாள் அது.

ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி டெய்லரை வருஷத்துக்கு இரண்டு முறை சந்தித்தாக வேண்டும். அவர் விடை நேர் எதிர். ஒரு ரன்னிங் பேக்கையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனமான டைட் எண்டை நகரும் காவலனாக வைத்தார். ஏழு பேரை நிறுத்து, இரண்டு மூன்று பேரை மட்டும் அனுப்பு, ஆனால் நீளமாக அனுப்பு. முதலில் ஓட்டம் போல நடித்து எதிரணியை முன்னால் இழுத்தால் குறைந்த ரிசீவர்களே போதும். இந்த முறையில் மூன்று வேறு வேறு குவாட்டர்பேக்குகளை வைத்து மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தார். 1991 சீசனின் 16 ஆட்டத்தில் அவர் அணி விட்டுக்கொடுத்த சாக் மொத்தமே 9. வால்ஷின் ஐந்து பேர் ஓட்டம் அழகு என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கென்னவோ கிப்ஸ் பக்கம்தான் மனசு சாய்கிறது. கடைசி ரிலீஸ் நாளில் ரோல்பேக் பிளான் கேட்கிற ஆள் நான்.

அதே கிப்ஸுக்குத்தான் 1985 நவம்பர் 18-ஆம் தேதி இரவு நடந்தது. குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன் பந்தை ஜான் ரிக்கின்ஸிடம் கொடுக்க, ரிக்கின்ஸ் ஓடுவது போல இரண்டு அடி வைத்துவிட்டு பந்தைத் திரும்ப தைஸ்மனிடம் வீசினார். ஏமாற்று வித்தை. அதாவது அந்த பிளேயில் பின்னால் நிற்கிற பேக் காவலன் இல்லை, நடிகன். எதிரணி ஏமாறவில்லை. டெய்லர் வந்து விழுந்ததில் தைஸ்மனின் வலது கால் எலும்பு இரண்டாக முறிந்தது. டெய்லரே கைகாட்டி மருத்துவர்களைக் கூப்பிட்டார். தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அந்த வீடியோவை ஒரு முறை பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டாம். ரிக்கின்ஸ் பந்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற இடம் மட்டும் மனசில் நிற்கிறது.

எதிரணிப் பயிற்சியாளர்களும் ஆறாவது ஆளை எண்ணக் கற்றுக்கொண்டார்கள். 2002 பிப்ரவரி 3, சூப்பர் பௌல். செயின்ட் லூயிக்குக் குடிபெயர்ந்த அதே ராம்ஸ், எதிரில் பில் பெலிச்சிக்கின் பேட்ரியட்ஸ். ராம்ஸின் ரன்னிங் பேக் மார்ஷல் ஃபால்க், 1999-இல் கிரெய்க்குக்குப் பிறகு இரண்டிலும் ஆயிரம் தாண்டிய இரண்டாவது ஆள். நன்றாகக் காக்கவும் தெரிந்தவர். நவம்பரில் இதே ராம்ஸிடம் பேட்ரியட்ஸ் ஆட்களைப் பாய விட்டுப் பார்த்து 24-17 என்று தோற்றிருந்தது. இந்த முறை பெலிச்சிக் திட்டத்தை மாற்றினார். குவாட்டர்பேக்கை விடு, ஃபால்க் எங்கே என்று பார். அவர் ஓட ஆரம்பித்தால் போகிற வழியில் ஒரு இடி. பந்து அவரிடம் வருகிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. முதல் சில அடியில் அவரைத் தாமதப்படுத்தினால், அவரையும் சேர்த்துப் போட்ட நேரக் கணக்கு முழுக்கக் குலைந்துவிடும். 14 பாயின்ட்டில் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ராம்ஸ் 20-17 என்று தோற்றது. யூடியூபில் அந்த ஆட்டத்தைப் பந்தைப் பார்க்காமல் ஃபால்க்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வேறு ஆட்டமாகத் தெரியும்.

டிக் லெபோ என்ற பயிற்சியாளரின் ஸோன் பிளிட்ஸ் இன்னும் குசும்பு. பாய்வது போல நிற்பவன் பின்வாங்குவான், வேறு எங்கிருந்தோ ஒருவன் வருவான். பாய்கிறவர்கள் மொத்தம் ஐந்து பேர்தான் இருக்கும், ஆனால் எந்த ஐந்து என்று தெரியாது. காவலர்கள் ஆள் இல்லாத இடத்தைக் காத்துக்கொண்டு நிற்பார்கள். 2009 பிப்ரவரி 1 சூப்பர் பௌலில், பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வது போலக் காட்டினார். அரிசோனாவின் கர்ட் வார்னர் அதை நம்பி, அவர் விட்டுப்போகப் போகிற இடத்துக்கு வேகமாக எறிந்தார். ஹாரிசன் போகவே இல்லை. பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். வால்ஷ் கற்றுக்கொடுத்த வேக விடையையே பொறியாக்கிவிட்டார்கள். ஃபால்க் இடி வாங்கிய ஆட்டத்திலும் எறிந்தவர் இதே வார்னர்தான், பாவம்.

சமீபத்துக் கதை ஒன்று. 2021 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், லைனின் இரண்டு ஓரத்து டேக்கிள்களும் காயத்தில் இல்லாமல், டேம்பா பேவிடம் 31-9 என்று தோற்றது. எதிரணி கூடுதலாக ஆட்களை அனுப்பத் தேவையே இல்லாமல் போயிற்று. நாலு பேரே போதுமானதாக இருந்தது. பேட்ரிக் மஹோம்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபடியே எறிந்தார், ஒரு டச்டவுன்கூட இல்லை. அணி அந்த வருஷமே ஐந்து லைன்மேன்களையும் மாற்றியது. 2023 பிப்ரவரியில், சீசனில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியாவுடன் மோதி 38-35. அன்று மஹோம்ஸை ஒரு தடவைகூட சாய்க்க முடியவில்லை.

திரும்ப மோட்லிக்கு வருகிறேன். 1950-களில் முழங்கால் போய் ஓய்வு பெற்றார். பயிற்சியாளர் வேலை கேட்டார், சொந்த அணியிலேயே கிடைக்கவில்லை. காவல் வேலையை அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் யாரும் அன்று இருந்திருக்க முடியாது என்று நினைக்கும்போது இது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. 1968-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்தக் கட்டடம் இருப்பது அவர் வளர்ந்த அதே கேன்டனில். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் பால் ஸிம்மர்மன், தான் பார்த்த ஆட்டக்காரர்களிலேயே தலைசிறந்தவர் மோட்லிதான் என்று எழுதினார். லைன்மேனாக ஆடியவர் அவர், அதனால் காவலைப் பார்க்கத் தெரிந்திருந்தது. மோட்லி 1999 ஜூனில் இறந்தார். ஃபால்க் ஆயிரத்தைத் தொட்ட சீசன் அந்த செப்டம்பரில் தொடங்கியது.

என் ஸ்ப்ரெட்ஷீட்டில் மோட்லி பெயருக்கு நேராக ஓட்டம் 4,720 யார்டு, சராசரி 5.7, கேட்ச் 85 என்று இருக்கிறது. எத்தனை பேரைத் தடுத்தார் என்பதற்கு ஒரு காலம் போட்டு வைத்திருக்கிறேன். சாக்கையே என்எஃப்எல் 1982-இல்தான் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது, நடக்காமல் போன சாக்கை யார் எண்ணுவார்கள்? இப்போதைக்குப் பழைய பிரவுன்ஸ் ஆட்டங்களின் துண்டு ஃபிலிம்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது. கிரகாம் எறிந்த கணத்தில் ஃபிரேமின் ஓரத்தில் 76-ஆம் நம்பர் ஜெர்சியின் பாதி தெரிகிறது, அடுத்த ஃபிரேமில் அதுவும் இல்லை.